ரஃபீக் விலை குறைத்த பேஸ் கிடார்

பழவேற்காட்டில் பேஸ் கிடாரைப் பற்றிப் பேசத் தகுதியுள்ள ஆள் ஒருவன்தான் என்பது ரஃபீக்கின் முடிவு. அந்த ஒருவன் ரஃபீக். மற்றவர்கள் எல்லாரும் அவனைப் பொறுத்தவரை காது இருந்தும் கேட்கத் தெரியாத ஜன்மங்கள். "இன்னா பாய், ஆறு கம்பி இருக்கணுமே, ரெண்டு அறுந்துபோச்சா?" என்று நாலு கம்பி பேஸைப் பார்த்துக் கேட்டவர்களின் பட்டியல் ஒன்று அவன் மனதில் இருபது வருஷமாக நீண்டுகொண்டே போகிறது. அதில் அவனுடைய மாமனாரும் உண்டு. அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

நாற்பத்திரண்டு வயது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் ஸ்டோர் கீப்பர் வேலை. ஒரு காலத்தில் கப்பல் வைத்து வியாபாரம் செய்த குடும்பம் என்று சொல்லிக்கொள்ள, காரை உதிரும் ஒரு வீடு மிச்சம். மீஞ்சூரில் ஒரு இன்னிசைக் குழுவில் வழக்கமான பேஸ்காரர் வராத நாளில் மட்டும் கூப்பிடுவார்கள், போய் வாசிப்பான். அந்தக் குழுவும் அவனுக்கு ஆகாது. பாடகனுக்குத் தாளம் நிற்காது. கீபோர்டுக்காரன் இடது கையால் பேஸையும் சேர்த்து வாசித்துக் காரியத்தைக் கெடுப்பான். கல்யாணத்துக்கு வந்த கூட்டமோ பந்தியில் இடம் காலியாகிறதா என்றே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊரில் பேஸ் வைத்துக் காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. உப்புக் காற்று பட்டால் கம்பி ஒரே மாதத்தில் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் கழுத்து மரம் தண்ணீரைக் குடித்து வளையும். உள்ளே ஓடும் இரும்புத் தண்டை அலன் சாவியால் கால் திருகு திருகி நிமிர்த்த வேண்டும். அரைத் திருகு போனால் மரம் பிளந்து போகும். இதையெல்லாம் ரஃபீக் பொறுமையாகச் செய்வான், அதில் குறை சொல்ல முடியாது. துறைமுகத்தில் பிரித்துப் போட்ட பெட்டிகளிலிருந்து ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைப் பொறுக்கி வந்து கிடார் பைக்குள் அடுக்குவான். ஓசை மங்கிய கம்பிகளைக் கழற்றி வெந்நீரில் போட்டு எடுப்பான். அழுக்கு போனால் பழைய ஓசை கொஞ்ச நாளைக்குத் திரும்பும். இதற்கு அவன் மனைவி ரிஃபாவின் சட்டிதான் அகப்படும்.

"நண்டு வேகவெக்கற சட்டிங்க அது," என்பாள் ரிஃபா. "கம்பிய வேகவெச்சி குடுத்தா நாங்க துருவத் தின்னணுமா?"

ரிஃபாவுக்கும் காது கிடையாது என்று அவன் முன்பே தீர்மானித்திருந்தான்.

பதினேழு பேஸ் வாங்கி பதினைந்தை விற்றிருக்கிறான். விற்கும்போது வருகிற ஆட்களை நினைத்தாலே அவனுக்கு வாய் கசக்கும். போனை எடுத்ததும் "கடைசி விலை?" என்பான் ஒருவன், வணக்கம்கூடச் சொல்லாமல். "பழைய வாஷிங் மெஷின் இருக்கு, மாத்திக்கலாமா?" என்பான் இன்னொருவன். சென்னையிலிருந்து காரில் வந்திறங்கிய ஒருத்தன், வாங்க வந்த பேஸைத் தொடாமல் ஏரியில் பறவை எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுவிட்டுப் போனான். வந்தவன் எவனுக்கும் இரண்டு நிமிஷம் ஒழுங்காக வாசித்துப் பார்க்கத் தெரியவில்லை.

வாங்கப் போகும்போது மட்டும் ரஃபீக் வேறு ஆள். அதற்கு அவன் ஒரு முறை வைத்திருந்தான். முதல் தடவை போய் முகத்தைச் சுளிக்க வேண்டும். கழுத்து வளைவு, துரு, கீறல் என்று ஒன்று விடாமல் சொல்லி, விற்கிறவனே தன் பொருளைப் பார்த்துக் கூசும்படி செய்ய வேண்டும். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட வேண்டும். அப்புறம் ஒரு வாரம் சத்தமே காட்டக் கூடாது. அடுத்த வாரம் இரக்கப்பட்டவன் மாதிரி போய், தான் சொன்ன விலைக்கு அள்ளிக்கொண்டு வந்துவிட வேண்டும். இதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்வான். வேறு பெயர்களும் இதற்கு உண்டு.

போன மாசி மாதம் போனில் ஒரு விளம்பரம் பார்த்தான். 'பெரிய கிடார். நல்ல மரம். விலை நேரில்.' ஐஸ் பெட்டி மேல் சாய்த்து வைத்து எடுத்த, கை நடுங்கிய படம். சிரித்துவிட்டுத் தள்ளப் போனவன், தலைப்பக்கத்து வடிவத்தைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்தது. இளவட்டமாக இருந்தபோது ஒரு கச்சேரியில் தூரத்திலிருந்து பார்த்து, அன்றிலிருந்து அவன் தேடிக்கொண்டிருந்தது அதுதான். வாங்கி விற்ற பதினைந்தும் அது கிடைக்காத ஏக்கத்தில் வாங்கியவை. விலாசம் கலங்கரை விளக்கத்துப் பக்கம் ஒரு குப்பம். அவன் வீட்டிலிருந்து பைக்கில் பத்து நிமிஷம்.

'குப்பத்துக்காரனுக்கு இது எதுக்கு? அருமை தெரிஞ்சா ஐஸ் பெட்டி மேல வைப்பானா?' என்று நினைத்துக்கொண்டே பாலத்தைத் தாண்டினான்.

வீட்டில் இருந்தது கஸ்தூரியம்மாள். அறுபதைத் தாண்டிய மனுஷி. ஏலத்தில் மீன் எடுத்துப் பொன்னேரி வரை கொண்டுபோய் விற்றுக் குடும்பத்தை ஓட்டியவள். பழைய சேலையில் சுற்றி வைத்திருந்ததைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

பிரித்ததும் ரஃபீக் அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தான். கழுத்து நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. ஒரு திருகாணிகூட மாற்றப்படவில்லை. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் கம்பிகளைப் பார்த்தான். பேஸ்காரனின் யோக்கியதை அங்கேதான் தெரியும். விரல் அதிகம் அழுத்திய இடத்தில் உலோகம் தேயும். அரைகுறை ஆட்கள் வாசித்ததில் முதல் நாலைந்து கம்பிதான் தேய்ந்திருக்கும்; ரஃபீக்கின் பேஸ்களும் அப்படித்தான். இதில் முதல் கம்பியிலிருந்து கடைசி வரை ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. யாரோ ஒரு ஆள் முப்பது வருஷம், ஒரு மூலையையும் விடாமல், பதறாமல் வாசித்திருக்கிறான்.

அவனுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடு வேலையை ஆரம்பித்தான்.

"கழுத்து போயிடிச்சே, யம்மா."

"போயிடிச்சா? நேராதான கீது?"

"உங்க கண்ணுக்கு அப்படித் தெரியும். மரம் உள்ள செத்துப்போச்சு. கம்பியெல்லாம் துரு. கரண்டு பாகமும் வேலைக்கு ஆகாது. யாரு வாசிச்சது இத?"

"எங்க ஊட்டுக்காரரு. மெட்ராஸ் வரைக்கும் கச்சேரிக்குப் போவாரு."

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார் போலிருக்கிறது என்று ரஃபீக் தானே முடிவு கட்டினான். அவள் நெற்றியில் காலணா அளவுக்குப் பொட்டு இருந்தது. அவன் கண் ஃப்ரெட்டை விட்டு மேலே வரவில்லை.

பொருளைக் குறை சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். முறைப்படி அவ்வளவு போதும். பொறாமை விடவில்லை.

"பாத்தாலே தெரியுது," என்றான். "ரெண்டே எடத்துல கைய வெச்சி தட்டிகினே காலத்த ஓட்டியிருக்காரு. வாசிக்கத் தெரிஞ்ச கையி இல்லம்மா இது. கூட வாசிச்சவங்க எப்படித்தான் பொறுத்துக்கினாங்களோ."

கஸ்தூரியம்மாள் மூலையில் இருந்த கட்டில் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அங்கே யாரோ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பகலிலேயே ஊற்றிக்கொண்டு கிடக்கிறான் எவனோ என்று ரஃபீக் நினைத்தான்.

"அப்ப இன்னா போவும்?" என்றாள் கடைசியில்.

"எனக்கு வேணாம்மா. வெறவுக்குக்கூட ஆகாது. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் இவ்ளோ நேரம் பாத்தேன்."

வெளியே வந்து பைக்கை உதைத்தான். இவ்வளவு நன்றாக அவன் என்றைக்கும் பேசியதில்லை.

அந்த ஒரு வாரம் அவன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஸ்டோரில் போல்ட் கேட்டவனுக்கு நட் எடுத்துக் கொடுத்தான். மணிக்கு ஒரு தரம் போனில் விளம்பரம் இருக்கிறதா என்று பார்த்தான். ஐந்தாம் நாள் விளம்பரம் காணாமல் போனது. வெட்கப்பட்டு எடுத்துவிட்டார்கள், பழம் நன்றாகக் கனிந்துவிட்டது என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். பேஸை வைக்க வீட்டில் காற்றுப் படாத அலமாரி ஒன்றைக் காலி செய்தான். அதிலிருந்த ரிஃபாவின் புடவைகள் மூட்டையாகக் கட்டிலுக்கு அடியில் போயின.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நேராகக் குப்பத்துக்குப் போனான். முகத்தை இரக்கமாக வைத்துக்கொள்ள வழியெல்லாம் பழகினான். கஸ்தூரியம்மாள் வாசல் நிழலில் உட்கார்ந்து இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"யோசிச்சிப் பாத்தேம்மா. பாவம், வூட்ல கெடந்து இடத்த அடச்சிகினு இருக்கும். எட்டாயிரம் தர்றேன். எடுத்துக்கறேன்."

"அது இல்லியே பாய்."

"இல்லியேன்னா?"

"குடுத்துட்டேன். மீஞ்சூர் சர்ச்சுல ஜெனிஃபர்னு ஒரு பொண்ணு கத்துக்கினுகீது. வந்து எடுத்துகினு போச்சு."

"எவ்ளோக்கு?"

"சும்மாதான். கெட்டுப்போன சரக்க நான் காசுக்கு விக்க மாட்டேன். இந்தக் கை அப்படி ஒரு மீனக்கூட வித்தது கெடையாது. சும்மாவா வேணும்னா எடுத்துக்கம்மா, தூக்கிப் போடறதுக்கு ஒனக்காவது ஆவட்டும்னு குடுத்தேன்."

ரஃபீக்குக்கு மண்டைக்குள் என்னவோ அறுந்தது. முறையெல்லாம் பறந்து போனது.

"யம்மா! அறுபதாயிரம் போற சாமான்மா அது! அத்தப் போயி சும்மா தூக்கிக் குடுத்தீங்களே! அவ நம்பர் குடுங்க, நான் பேசறேன்!"

இறால் கிள்ளிய கை நின்றது.

"எவ்ளோ சொன்ன?"

வாயை விட்டாகிவிட்டது.

"அன்னிக்கி வெறவுக்குக்கூட ஆவாதுன்னியே பாய்."

"அது... வெலைக்காக சொல்றதும்மா. யாவாரத்துல எல்லாரும் சொல்றதுதான். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். மீன் யாவாரமா இருந்தா ஒன் மூஞ்சப் பாத்தே இவன் எடுத்துட்டுத்தான் போவான்னு சொல்லியிருப்பேன். கிடாரப்பத்தி எனக்கு இன்னா தெரியும்? தெரிஞ்சவன் வந்துகீறான், சரியா சொல்லுவான்னு நெனச்சேன்." குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். "அப்ப, வாசிக்கத் தெரியாத கையின்னு சொன்னியே. அதுவும் வெலைக்காகவா?"

ரஃபீக் தலையைக் குனிந்தான். பேஸ் போய்விட்டது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இனி பொய் சொல்லி ஆவது ஒன்றுமில்லை.

"நல்லா வாசிச்சிருக்காரும்மா. ரொம்ப நல்லா. அந்த மாதிரி தேஞ்ச ஃப்ரெட்ட நான் எங்கயும் பாத்ததில்ல. எனக்கெல்லாம் அதுல கால்வாசி வராது. உயிரோட இருந்திருந்தா கால்ல விழுந்திருப்பேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அழுகின மீனைக்கூட அவள் அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

"முப்பது வருஷம் அவரு பொட்டிய தூக்கிகினு போவ சொல்லோ நான் திட்டாத திட்டு இல்ல," என்றாள். "பாடனவனுக்கு மாலை போட்டாங்க, மேளம் அடிச்சவனுக்கு நோட்டு குத்துனாங்க. இவர ஒருத்தரும் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. சரி, வராததத்தான் கட்டிகினு அழுதாரு போலன்னு இருந்துட்டேன். நீ வந்து அதயே சொன்ன. அவரும் படுத்துகினே கேட்டாரு. நீ போனதும் 'அந்தப் பாய் சொல்றது கரெக்டுதான், வர்றவங்களுக்குக் குடுத்துடு'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்தவருதான்."

"படுத்துகினு..."

"வாதத்துல எடது கையி விழுந்து எட்டு மாசம் ஆவுது. எனக்கு இன்னாத்துக்கு சொல்ற? வாசிச்சவரு உள்ள கீறாரு. அவராண்ட சொல்லு, போ."

ரஃபீக் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். கட்டிலில் அவள் வீட்டுக்காரர் தாமோதரன் அன்று போலவே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். விழுந்துபோன இடது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. விரல் நுனிகளில் கம்பி அழுத்திய காய்ப்பு இன்னும் இருந்தது.

குறை என்றால் கடகடவென்று நூறு சொல்லுவான். அடுத்தவன் வாசிப்பைப் பாராட்டி வாழ்நாளில் அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதனால் அதற்கு எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. நின்று நின்று, கடைசியில் சொன்னான்.

"ஐயா, அன்னிக்கி நான் சொன்னது பொய்யி. நீங்க பெரிய வாசிப்புக்காரரு. உங்க ஃப்ரெட்ட பாத்தேன். கீழேர்ந்து மேல வரைக்கும் ஒரே சீரா தேஞ்சிருக்கு. உங்கள மாதிரி வாசிக்கறவங்க இந்தப் பக்கத்துலயே கெடையாது. சத்தியமா சொல்றேன்."

தாமோதரன் மெதுவாகத் தலையைத் திருப்பினார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. குழறினாலும் ஒவ்வொரு வார்த்தையும் விளங்கும்படி கேட்டார்.

"இன்னும் இன்னா வாங்கணும் பாய், ஒனக்கு? வூட்ல வேற ஒண்ணும் இல்லியே."