வாய் முந்திய மத்தியானம்

சரவணம்பட்டியில், தனியாக இருக்கும் முதியவர்களுக்கான உதவி எண்ணில் போன் எடுப்பது என் வேலை. சூலூர்ப் பெரியவர் ஒருவர் தினமும் மத்தியானம் அழைப்பார். நாங்கள் பெயர் சொல்லக் கூடாது. அதனால் ஒவ்வொரு முறையும் புது ஆளிடம் சொல்வதுபோல, மனைவி இறந்ததையும் தறிகளை விற்றதையும் முதலிலிருந்து சொல்வார். நானும் புதிதாகக் கேட்பேன். ஒருநாள் அவர் தறிக் கதையைச் சொல்வதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"எட்டுத் தறியையும் வித்துப்போட்டீங்களேங்க."

"ஏனுங்க அம்மணி, தெனமும் நீங்கதான் எடுக்கறீங்களா?"

"ஆமாங்க."

"அடடா, வேற வேற ஆளுன்னு நெனச்சுட்டனுங்க. உங்களுக்குச் சலிச்சுப்போயிருக்குமுங்க."

வைத்துவிட்டார். பிறகு அழைக்கவேயில்லை.

நாங்களாக அழைக்கக் கூடாதாம். எந்த மடையன் போட்ட விதியோ! அவர் எண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கத்தான் எனக்குச் சம்பளம்.