வேராவை எழுப்பாதே

செம்பட்டிப் பக்கம் வெங்காயமும் கனகாம்பரமும் போடுகிற சம்சாரி வீட்டு அம்பிகா, ஐம்பதைத் தாண்டிய வயதில் ஒரு பொம்மைப் புத்தகத்துக்காகப் புருஷனோடு மல்லுக்கு நின்றாள் என்றால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். ஊர் என்றைக்கு அவளுக்குச் சோறு போட்டது?

அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது 'ஏழாம் நிலவு' என்ற படக்கதை கையில் கிடைத்தது. விண்வெளிக் கப்பல் தீப்பிடிக்கிறது. கேப்டன் மயங்கி விழுகிறான். அதுவரை ஓரமாக ரேடியோ கேட்டுக் குறிப்பெழுதிக்கொண்டிருந்த வேரா என்ற பெண், ஓடிப்போய் அவன் நாற்காலியில் உட்காருகிறாள். அம்பிகா பக்கத்தைத் திருப்புவதற்குள் அவள் அப்பா புத்தகத்தைப் பிடுங்கி வெந்நீர் அடுப்பில் சொருகிவிட்டார். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். அந்த வருஷமே பள்ளிக்கூடத்தையும் நிறுத்தினார்கள்.

மிச்சக் கதையை அம்பிகாவே கட்டிக்கொண்டாள். வேரா கப்பலைப் பத்திரமாக இறக்கிவிட்டாள். பிள்ளைகளுக்குச் சோறூட்டும்போது அப்படித்தான் சொன்னாள். தோட்டத்து மோட்டார் மக்கர் செய்தால், "வேரா உக்காந்தா, நான் உக்கார மாட்டனா?" என்று தானே ஸ்பேனரைத் தூக்கினாள்.

போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள், மருமகள் தமிழ்மதி திண்டுக்கல்லில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதைத் தேடிப்பிடித்து வாங்கிவந்தாள். அம்பிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள். வீடு கழுவுகிற வேலை தலைக்கு மேல் கிடந்தது.

பழைய பேப்பரைக் கட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் தண்டாயுதபாணி, "பேரன் எடுக்குற வயசுல பொம்மை பாக்குறியாக்கும்? நாளைக்கு எடைக்குப் போடு" என்றார்.

மறுநாள் அம்பிகா குளித்துவிட்டு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்த புத்தகங்களின் மேல் அதையும் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டாள். பூஜையில் வைத்த புத்தகத்தை அடுத்த நாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் எடுக்கக் கூடாது. வருஷம் தவறாமல் பழனிக்குப் பாதயாத்திரை போகிற மனுஷனுக்கு அது தெரியாதா? பல்லைக் கடித்துக்கொண்டு போனார். ஆனால் அவளும்தான் எடுக்க முடியாது. அன்று முழுக்க அவள் அந்தப் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தாள்.

விஜயதசமி காலையில் ஆளுக்கொரு புத்தகம் எடுத்துச் சத்தமாக வாசிப்பது அந்த வீட்டு வழக்கம். தண்டாயுதபாணி பஞ்சாங்கத்தை வாசித்தார். அம்பிகா 'ஏழாம் நிலவை' எடுத்தாள். வேரா நாற்காலியில் உட்காருகிற வரைக்கும் குரல் கணீரென்று வந்தது. பக்கத்தைத் திருப்பினாள்.

கேப்டன் கண்விழிக்கிறான். "எழுந்திரு பெண்ணே, இது உன் வேலையல்ல" என்கிறான். வேரா எழுந்துவிடுகிறாள். கப்பலை அவன் இறக்குகிறான். அவள் அவன் நெற்றிக்குக் கட்டுப் போடுகிறாள்.

அம்பிகாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா அடுப்பில் சொருகியபோதுகூட இப்படி வலிக்கவில்லை. இவளை நம்பியா இத்தனை வருஷம் ஓட்டினோம்?

"என்ன அத்தை, நிறுத்திட்டீங்க?" என்றாள் தமிழ்மதி.

அம்பிகா தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். "'நீ படுத்துக்கொள் கேப்டன். கப்பல் என் கையில் இருக்கிறது' என்றாள் வேரா."

தண்டாயுதபாணி எட்டிப் பார்த்தார். "அப்படியா போட்டுருக்கு?"

"இல்ல. தப்பாப் போட்டுருக்கான். தமிழு, அந்தப் பேனாவை எடு."

"ஏய், சாமிக்கு வச்ச புஸ்தகத்துல கிறுக்காத! பாவம்!"

"சரஸ்வதியும் பொம்பளதானங்க. எழுதுனா அவளுக்குச் சந்தோசந்தான்."

கேப்டன் பேச்சைப் பேனாவால் அழுத்தி அடித்தாள். மேலே வேராவின் பேச்சை எழுதினாள். பிறகு விட்ட இடத்திலிருந்து, தெருவுக்குக் கேட்கும்படி வாசித்தாள்.