ஏரிக்குள் ஒரு வரப்பு

பழுப்பு நிலக்கரியை வழித்தெடுத்துவிட்டுச் சுரங்கத்துக்காரர்கள் விட்டுப்போன பள்ளத்தில் தண்ணீர் நிரப்பி, கட்லாவும் ரோகுவும் விட்டு, யார் வேண்டுமானாலும் தூண்டில் போடலாம் என்று திறந்துவிட்டபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்தவர்கள் நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களோ சுரங்கத்துக்குப் போன அவரவர் கொல்லைக்கு நேராக உட்கார்ந்தார்கள்.

அப்பா முதல் நாளே எதிர்க்கரை அய்யனார் கோயிலையும் எங்களுக்குப் பின்னாலிருந்த மண்மேட்டையும் நேர் பிடித்துப் பார்த்து, "இங்கதான் நம்ம முந்திரிக் கொல்ல" என்று கொளுத்தும் வெயிலில் துண்டை விரித்துவிட்டார். அதே மாதிரி நேர் பிடித்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் பெரியப்பா, அப்பாவின் பங்காளி. இரண்டு கொல்லைக்கும் நடுவிலிருந்த வரப்பை யார் வெட்டிச் சேர்த்துக்கொண்டது என்ற தகராறில் இருவருக்கும் வெகு காலமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வரப்பு போய்ச் சேர்ந்து பல வருஷமாகியும் சண்டை மட்டும் சேதாரமில்லாமல் இருந்தது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்குத் தூது போகும் உத்தியோகம். "பாப்பா, உங்கப்பன் தூண்டி நம்ம கொல்லையில கெடக்குது, எடுக்கச் சொல்லு" என்பார் பெரியப்பா. "அளந்துட்டு வந்து பேசச் சொல்லு" என்பார் அப்பா. இரண்டு பேருக்கும் எதிரே இருந்தது வெறும் தண்ணீர். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

வரப்பா முக்கியம்? எனக்கு ஒரே ஒரு மீன் வேண்டும். நானே பிடித்து, எந்நேரமும் பீற்றிக்கொண்டிருந்த அத்தை மகன் மூஞ்சிக்கு நேரே அதை ஆட்டிக் காட்டவேண்டும். வாரா வாரம் மண்புழு செலவானதுதான் மிச்சம். ஒரு ஞாயிறன்று தக்கை சடாரென்று முங்கியது. இழுத்த இழுப்பில் நானே உள்ளே போயிருப்பேன், அப்பா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அம்மாடி, கட்லா! முழங்கை நீளத்துக்குக் கரையில் கிடந்து துள்ளியது. நானும் கூடவே துள்ளினேன்.

பெரியப்பா எழுந்து வந்தார். "பாப்பா, தூண்டி எங்க உழுந்துச்சுன்னு உங்கப்பனையே கேளு."

தைரியமாக அப்பாவைப் பார்த்தேன். ஒரு சாண் மண்ணுக்காகத் தாலுக்கா ஆபீஸ்வரை நடந்த மனிதர், என் மீனையா விட்டுவிடுவார்? அவர் கோயிலைப் பார்த்தார், மண்மேட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, என்னை விட்டுவிட்டுப் பெரியப்பாவிடமே நேராகச் சொன்னார்:

"வரப்புக்கு அந்தாண்டதான் உழுந்துச்சு. ஒங்க கொல்ல மீனு, எடுத்துக்குங்கண்ணே."

பெரியப்பா கொஞ்சமும் கூச்சமில்லாமல் மீனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "இந்தாண்ட உழுந்தா ஒன்னுதுதான் தம்பி, நான் கேக்கமாட்டேன்."

நான் தரையில் புரண்டு அழுதேன். இருவரும் என்னைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கொல்லையில் எந்த மூலையில் எந்த மரம் நின்றது என்று கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீடு வரும்வரை அப்பா வண்டியில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பின்னால் உட்கார்ந்து அவர் முதுகில் குத்திக்கொண்டே வந்தேன். பெற்ற பெண்ணின் மீனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு இந்த மனுஷனுக்கு என்ன கொண்டாட்டம்! பிடித்தவளுக்குத்தான் மீன் என்று அப்பா வாதாடியிருந்தால் அங்கே வரப்பே இல்லை என்று ஆகியிருக்கும். தண்ணீருக்கடியில் அப்பாவுக்கு ஒரு கொல்லை இருக்கிறது என்று எல்லை சொல்ல மிச்சமிருந்தது பெரியப்பா ஒருவர்தான் என்பது அந்த வயதில் எனக்கு எங்கே தெரிந்தது?