துரோகியைத் தியாகியாக்கிய ஜெராக்ஸ் கடை

டைப் அடிக்கிறவன் அடிக்கிறதைப் படிக்கக் கூடாது. படிச்சா நிம்மதி போச்சு. தெருமுனையில டைப்பிங், ஜெராக்ஸ் கடை போட்டு மாரடிக்கிற சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா இது? சாதிச் சான்று, பட்டா மனு, மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகைன்னு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நான் பாட்டுக்கு இருந்தேன். என் போறாத காலம், எஸ்தர் டீச்சரோட ஆராய்ச்சியைப் படிச்சுத் தொலைச்சேன்.

ஒரே ஆளா, நாலு பேரா?

எஸ்தர் டீச்சர் தனியார் பள்ளிக்கூடத்துல வரலாறு எடுக்கிறவங்க. அவங்க அம்மா இன்னிக்கும் நடவுக்குப் போறவங்க. அந்த வூட்டுக்கு முதல் டாக்டர் பட்டம் வரணும்னு டீச்சர் ஏழு வருஷமா மல்லுக்கட்டிக்கினு இருந்தாங்க. சோவியத் ஆட்சி தொடங்கின காலத்துல இருந்த ஓர் உக்ரைன் எழுத்தாளரை வரலாற்றாசிரியர்கள் எப்படியெல்லாம் மதிப்பிட்டாங்கன்னு ஆராய்ச்சி. அவர் எந்த ஊரோ, நமக்கின்னா வந்ததுன்னுதான் அடிக்க உட்கார்ந்தேன்.

முதல் அத்தியாயத்துல அவர் கட்சிக்காரர், ஆட்சியைப் புகழ்ந்து கவிதை எழுதறார். ரெண்டாவதுல, தாய்மொழி தாய்மொழின்னு பேசினதுக்காக அதே ஆட்சி அவரைத் துரோகின்னு சுட்டுடுது. மூணாவதுல, ரொம்ப வருஷம் கழிச்சு அதே ஆட்சி அவர்மேல குத்தமே இல்லன்னுது. நாலாவதுல, வெளிநாட்டுக்கு ஓடிப்போன உக்ரைன்காரங்க அவரை மாஸ்கோவுக்கு வால் பிடிச்ச துரோகின்னு எழுதறாங்க. அதுலயே, உக்ரைன் தனி நாடானப்புறம் எழுதினவங்க அவரைத் தியாகின்னு கும்பிடறாங்க. பக்கத்தைக் கலைச்சு அடிச்சிட்டேனோன்னு எனக்கு வேர்த்துப்போச்சு. இது ஒரே ஆளா, ஒரே பேர்ல நாலு பேரான்னு டீச்சரையே கேட்டேன்.

"ஒரே ஆளுதான் பாய். எழுதினவங்கதான் வேற வேற."

தோழர் வந்த அன்னிக்கு

கன்னியப்பன் விவசாயத் தொழிலாளர் சங்கத்துல காலமெல்லாம் செங்கொடி பிடிச்சவர். ஆதார் நகல் எடுக்க வந்தவர், மேசையில கிடந்த ரெண்டாவது அத்தியாயத்தைப் படிச்சிட்டார். நம்மாளுங்க சும்மா சுடுவாங்களா, இந்தப் பொண்ணு யார் பேச்சைக் கேட்டுக்கினு எழுதுதுன்னு ஒரே சத்தம். நான் மூணாவது அத்தியாயத்தை எடுத்து நீட்டினேன். ரெண்டு தடவை படிச்சார். கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கினு இன்னொரு தடவை படிச்சார். அப்புறம் ஆதாரையே மறந்துட்டு எழுந்து போனவர், வாசல்ல நின்னு திரும்பினார்.

"சுட்டதும் நாம, தப்புன்னு சொன்னதும் நாமன்னா, நான் இன்னா பாய் சொல்றது?"

எல்லாத்தையும் மாத்து

ஆராய்ச்சியை ஒப்படைக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். தவறினா பதிவு ரத்து, ஏழு வருஷமும் தண்ணியில போச்சு. வெள்ளிக்கிழமை மதியம் டீச்சர் போன் பண்ணாங்க. சில இடத்துல டீச்சரே அந்த எழுத்தாளரைத் துரோகின்னு சொல்ற மாதிரி இருக்குன்னு வழிகாட்டிப் பேராசிரியர் கோவிச்சுக்கினாராம். அந்த இடத்துல மட்டும் தியாகின்னு மாத்தணும். எனக்கோ ஜும்மாவுக்கு நேரமாச்சு. மட்டுமாவது கிட்டுமாவது, கம்ப்யூட்டர்ல 'எல்லாத்தையும் மாத்து'ன்னு ஒரே தட்டு, இருந்த துரோகியெல்லாம் தியாகி. சேமிச்சு, பென்டிரைவ்லயும் அதையே ஏத்திட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினேன். பழைய காப்பி எங்கேன்னு கேக்காதீங்க. நம்ம கடையில என்னிக்கு அது இருந்திருக்கு? சனிக்கிழமை காலையில பிரிண்டைப் புரட்டின டீச்சர் அப்படியே உட்கார்ந்துட்டாங்க.

"சோவியத் போலீசே அவரைத் தியாகின்னு சொல்லிட்டு, அதனால சுடுன்னுது பாய். இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?"

சொன்னது யாரு?

ரெண்டு நாள் பகல் பூரா கடையைப் பாதி சாத்திக்கினு ஒவ்வொரு தியாகியா தேடினோம். எது முதல்லயே தியாகி, எது நான் ஆக்கின தியாகின்னு எனக்கு ஒரு எழவும் புரியல. டீச்சர் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டே கேள்விதான் கேட்டாங்க: இதைச் சொன்னது யாரு, எப்ப? போலீசு சொன்னதா, துரோகி. ஓடிப்போனவங்க சொன்னதா, அதுவும் துரோகி, ஆனா வேற துரோகம். பின்னாடி வந்தவங்களா, தியாகி. டீச்சரே சொன்ன இடத்துல ரெண்டையும் எடுத்துட்டு வெறும் எழுத்தாளர்னு போடச் சொன்னாங்க. பேராசிரியர் திட்டுவாரேன்னேன், திட்டட்டும்னுட்டாங்க.

ஞாயித்துக்கிழமை அந்த எழுத்தாளர் போலீசுக்குக் கொடுத்த வாக்குமூலப் பக்கம் வந்தது. தான் துரோகின்னு அவரே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டது. என் கைங்கரியத்துல அதுவும் தியாகின்னு மாறியிருந்தது. செத்த மனுஷன், இது ஒண்ணாவது இப்படியே கெடக்கட்டும் டீச்சர்னு கெஞ்சினேன். அவங்க கண்ணைத் துடைச்சிக்கினாங்க.

"மிரட்டி வாங்கினதுதான் பாய். ஆனா கையெழுத்து அவரோடது. இதை மாத்தினா அவர் பட்ட கஷ்டமே இல்லன்னு ஆயிடும். துரோகின்னே அடிங்க."

வாய்மொழித் தேர்வு

திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடிச்சுப் போய்க் கொடுத்துட்டாங்க. சில மாசம் கழிச்சு வாய்மொழித் தேர்வு. யார் வேணா உட்கார்ந்து கேக்கலாமாம். கடையைச் சாத்திட்டு நானும் போய், டீச்சரோட அம்மா பக்கத்துல உட்கார்ந்தேன். வெளியூர்லேருந்து வந்த தேர்வாளர் எல்லாம் கேட்டு முடிச்சிட்டு, கடைசியா, முடிவா சொல்லுங்க, அவர் துரோகியா தியாகியான்னார். தெரியலைங்க ஐயா, யாரு எப்ப எதுக்காக அப்படிச் சொன்னாங்கங்கிறது மட்டும்தான் தெரியும்னாங்க டீச்சர். பேராசிரியர் தலையைக் குனிஞ்சுட்டார். டீச்சரோட அம்மா என் சட்டையைப் பிடிச்சு இழுத்து, போச்சான்னு கேட்டாங்க. தேர்வாளர் பேனாவை மூடி வச்சிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கும் தெரியாதும்மா. உட்காருங்க, டாக்டர் எஸ்தர்."

தெரியாதுன்னு சொன்னவங்களுக்கு டாக்டர் பட்டம் கிடைச்சிடுச்சு, அதே தெரியாதுதான் எனக்கும், நான் இன்னும் ஜெராக்ஸ்தான் எடுத்துக்கினு கீறேன்.