கொத்தாத சுவர்

முருகையாவின் வலது கையில் ரேகை கிடையாது. சிமெண்டு தின்றுவிட்டது. அடையாள அட்டைக்கு விரல் வைக்கப் போனபோது மூன்று முறை மை தடவியும் வெறும் கறுப்பு வட்டம்தான் விழுந்ததாம். "நான் யாருன்னு கவர்மெண்டுக்கே தெரியாது தம்பி" என்று சொல்லிச் சிரிப்பார்.

சுவா சாலையிலிருந்து ஐந்து மைல் உள்ளே தள்ளியிருந்தது எங்கள் தோட்டம். அது ரப்பர் பால்மரத் தோட்டமாக இருந்த காலத்தில் அவர் அங்கே பிறந்தார். பதினேழு வயதில் சிரம்பானுக்குப் போய் ஒரு சீனக் குத்தகைக்காரரிடம் மணல் சுமந்தார். பிறகு பூச்சுவேலைக்குக் கரணை பிடித்தார். பதினான்கு வருடங்களில் எத்தனையோ கடைவீடுகள் பூசியிருக்கிறார், பெயரெல்லாம் முதலாளிக்குத்தான். கல்பொடி கலந்து பூசி, இறுகும் முன் கழுவிக் கல்லைத் தெரியவிடும் ஷாங்காய் பிளாஸ்டர் வேலையில் கெட்டிக்காரர். பஸ்ஸில் போகும்போது ஏதாவது தூணைக் காட்டி மனைவி மயிலம்மாளிடம் "அது நான் கழுவினது" என்பார்.

"அப்படியே ஒங்க சட்டையையும் கழுவியிருக்கலாம்" என்பார் அவர்.

எண்பத்து மூன்றில் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு மண்டபம் எழுந்தது. பின்பக்கம் மேடு சரிந்து வரும் என்பதால் அந்தச் சுவரை மட்டும் பலகை அடைத்துக் கான்கிரீட்டில் போட்டார்கள். அறுபது அடி நீளம். பூசுகிற வேலையை முருகையாவுக்குக் கொடுப்பதென்று கமிட்டி முடிவு செய்தது. சொந்த ஊரில், தன் பெயரில் அவருக்குக் கிடைத்த முதல் சுவர் அது. செய்தி சொல்லப் போன என்னிடம் இரண்டு முறை கேட்டார். "என் பேரைத்தான் சொன்னாங்களா தம்பி?"

நான் அப்போது தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. கமிட்டிக்கும் நானே செயலாளர். தலைவர் எங்கள் பெரிய கிராணி திருநாவுக்கரசு. ஆபீசில் அவர் மேசைக்கு எதிரே என் மேசை.

சுவரைப் பார்க்க வந்த முருகையா ஒரு பால்டின்னில் தண்ணீர் மொண்டு அதன் மேல் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கீழே ஓடியது. விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

"மண்டோர், பலகையில என்ன பூசுனீங்க?"

"டிராக்டர் கறுப்பெண்ணெய்" என்றார் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமி. "பலகை தொரையோட ஸ்டோர்ல எரவல் வாங்கினது லா. சிமெண்டு ஒட்டிக்கிட்டுத் திரும்பிப் போனா யாரு பதில் சொல்றது? நல்லா பூசுங்கடான்னு நான்தான் சொன்னேன்."

"பூசலை மண்டோர். குளிப்பாட்டியிருக்கீங்க."

அன்று மாலைக் கூட்டத்துக்கு அவர் நீளக் கால்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சுவர் முழுவதையும் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்த வேண்டும். கொத்தியதைக் கழுவி, மணலும் சிமெண்டும் தண்ணியாகக் கரைத்து விசிறியடிக்க வேண்டும். ஒரு வாரம் நனைத்து வைத்த பிறகுதான் பூச்சு. அதையும் மரப்பலகையால் தேய்த்து மணல்மணலாக விட்டால்தான் ஈரச்சுவருக்கு நல்லது என்றார்.

"எவ்வளவு நாள்?" என்றார் பெரிய கிராணி.

"ஒரு மாசம் வேணும் ஐயா."

"கும்பாபிஷேகத்துக்குப் பதினாறு நாள்தான் இருக்கு. மணல்மணலா விடறதுக்கு இது என்ன மாட்டுக்கொட்டாயா? தொரை பங்களா மாதிரி வழவழன்னு வரணும்."

"எண்ணெய் இருக்குங்க ஐயா. கொத்தலைன்னா புடிக்காது. ஒரு நாள் தோல் மாதிரி உரிஞ்சிடும்."

"கலசம் இன்னும் ஏறலை. அதுக்குள்ள ஆத்தா வீட்டுல உளி வைக்கச் சொல்றியா?"

புதுக் கோயிலில் குடமுழுக்குக்கு முன் சுவரைக் கொத்துவது என்றதும் நல்லசாமியே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

முருகையா என் பக்கம் திரும்பினார். "நான் சொன்னதை நோட்டுல எழுதிக்கங்க தம்பி."

எழுதினேன். மறுநாள் காலை கையெழுத்துப் போடும்போது பெரிய கிராணி அதைப் படித்தார். "நல்ல காரியத்துக்கு முன்னாடி உரியும் உரியும்னு எழுதி வச்சிருக்கே. இந்தப் பக்கத்தை மாத்தி எழுது." மாற்றி எழுதினேன். பழைய தாளைக் கிழித்துக் கூடையில் போட்டேன். முருகையாவிடம் சொல்லவில்லை.

அவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. மூன்று நாள் துணி சோப்புத்தூள் போட்டுக் கம்பிப் பிரஷ்ஷால் தனியாகத் தேய்த்தார். சிமெண்டுப் பாலை அடித்து, அதன் மேல் பூசி, இரும்புக் கரணையால் இழைத்தார். ஓரத்தில் நின்று பார்ப்பேன். கரணை போன வழியில் சாம்பல் நிறம் கறுத்து, பிறகு மெல்ல வெளுக்கும். அவருடைய மூச்சு மட்டும் கேட்கும்.

கும்பாபிஷேகத்தன்று ஜனங்கள் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். "நம்ம முருகையா பூசினது" என்று யாரோ பகாவ் ஊரிலிருந்து வந்த உறவுக்காரரிடம் சொன்னார்கள். முருகையா நாள் முழுவதும் அந்தச் சுவருக்கு எதிரிலேயே நின்றார். கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தார்.

ஆவணியில் நல்லசாமியின் மகளுக்கு அந்த மண்டபத்தில் கல்யாணம். தாலி ஏறியாகிவிட்டது. மணவறைக்குப் பின்னால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். பார்ப்பதற்குள் எட்டடிப் பூச்சு அப்படியே சரிந்தது. மாப்பிள்ளையின் அத்தைக்குக் கால்விரல் நசுங்கியது. மறுநாள் மழைக்கு மீதியும் விழுந்தது.

"சிமெண்டைக் கொறைச்சிட்டான்" என்று ஒரு பேச்சு கிளம்பியது. "வித்திருப்பான்" என்று அது வளர்ந்தது.

விசாரணைக் கூட்டத்துக்கு முருகையா விழுந்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் பின்பக்கத்தில் கண்ணாடி போல வழவழப்பு, பலகையின் நரம்பு, கறுப்பெண்ணெய்க் கறை. ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டினார். யாரும் கையில் வாங்கவில்லை.

"நான் அன்னைக்கே சொன்னேன். தம்பி எழுதினாரு. எடுத்துப் படிக்கச் சொல்லுங்க."

நோட்டைத் திறந்தேன். எழுத்துகள் தெளிவாக இருந்தன.

"இருக்கா?" என்றார் பெரிய கிராணி.

"இல்லீங்க" என்றேன்.

அதோடு நிறுத்திக்கொண்டேன். நோட்டில் இல்லை என்பது உண்மை. அவர் சொன்னார் என்பதும் உண்மை. அங்கிருந்த பதினொரு பேருக்கும் அது தெரியும். முருகையா துண்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்.

மறுநாள் குழாயடியில் மயிலம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சொல்வது போல் என் காதில் போட்டார். "சின்னக் கிராணி கவிதையெல்லாம் படிக்கிறவரு. நோட்டையா படிக்கத் தெரியாது?"

சிரம்பானிலிருந்து அர்ச்சுனன் என்ற குத்தகைக்காரரை வரவழைத்தார்கள். மீசையை நீவிக்கொண்டு சுவரைப் பார்த்தார். தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். "முழுசாக் கொத்தணும். ஒரு மாசம் புடிக்கும். மணல் பினிஷ்தான் போடணும்" என்றார்.

"தொழில் தெரிஞ்சவர் சொன்னா சரி" என்றார் பெரிய கிராணி. ஒரு தேங்காய் உடைத்து அம்மனிடம் மன்னிப்புக் கேட்டதும் உளி வைக்கலாம் என்று ஆனது.

கொத்துவதற்குத் தோட்டத்திலேயே நாள்கூலிக்கு ஆள் எடுத்தார்கள். முருகையாவும் வந்தார். சிரம்பானில் பழைய முதலாளிகள் காதுக்கும் சேதி போயிருந்தது. வேறு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பதினொரு நாள் கொத்தினார்.

பூச்சு தொடங்கிய இரண்டாம் நாள் அர்ச்சுனனின் ஆளுக்குக் காய்ச்சல். "நீ போடுவியா?" என்று அர்ச்சுனன் கரணையை முருகையாவிடம் நீட்டினார். அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார். இரண்டு கஜம் போட்டிருப்பார். தேய்க்கும் மரப்பலகை வட்டம் வட்டமாகச் சுற்றியது. அர்ச்சுனன் பீடியைப் பற்றவைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய கிராணி வந்தார். பின்னால் நானும் பைலோடு வந்தேன்.

"அந்தக் கை வேணாம் அர்ச்சுனன்."

"கை நல்லா ஓடுதுங்களே."

"ஓடட்டும். வேற எங்கயாவது ஓடட்டும். இந்தச் சுவத்துல வேணாம், ஜனங்க பேசுவாங்க."

முருகையா என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்து பைலைப் புரட்டினேன். அவர் பார்க்கவில்லை. கரணையை வாளியில் கழுவி, துடைத்து, அர்ச்சுனனிடம் கொடுத்தார். குழைத்து வைத்த சாந்து வெயிலில் இறுகத் தொடங்கியிருந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அதைக் கிளறிவிட்டார்.