நொச்சிச் சாறும் தறியட்டை வட்டங்களும்

கல்லூரிக் கடைசி ஆண்டில் என் ப்ராஜெக்ட் நொச்சி இலை. அதன் சாறு, புண்ணில் சீழ் பிடிக்கவைக்கும் பாக்டீரியாவைக் கொல்லுமா என்று பார்க்க வேண்டும். பாக்டீரியா தடவிய தட்டில், சாற்றில் நனைத்த சிறு தாள் வட்டத்தை வைத்து ஒரு நாள் விட்டு, சாறு வேலை செய்திருந்தால், கிருமி வளராத இடம் வட்டத்தைச் சுற்றித் தெளிவாகத் தெரியும். ஒப்பிட, வெறும் தண்ணீரில் நனைத்த வட்டம் ஒன்று பக்கத்தில்; அதைச் சுற்றிக் கிருமி வளர்ந்திருக்க வேண்டும்.

லேபில் தாள் வட்டங்கள் தீர்ந்துபோயிருந்தன. எனக்கென்ன கவலை? முள்ளிப்பட்டில் எங்கள் வீட்டில், பட்டுச்சேலை டிசைனுக்காகத் தறியட்டையில் துளை குத்துவது அக்காதான். துளையிலிருந்து விழும் வட்டங்கள் எல்லாம் ஒரே அளவு. ஒரு பாட்டில் நிறைய அள்ளிக்கொண்டு போய், அவற்றையே நனைத்துத் தட்டில் வைத்தேன்.

மறுநாள் நொச்சி வட்டத்தைச் சுற்றி நல்ல தெளிவு. பூரித்துப்போய், ப்ராஜெக்ட்டைப் பார்த்துக்கொள்ளும் மேடத்தைக் கூப்பிட்ட பிறகுதான் தண்ணீர் வட்டத்தைப் பார்த்தேன். அங்கும் அதே தெளிவு.

"உங்க ஊர் தண்ணியே கிருமிய கொல்லுது போலருக்கு," என்றார் மேடம். "இன்னும் ஒரு தட்டுதான் தர முடியும்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கலைன்னா ப்ராஜெக்ட் போச்சு."

வீட்டில் சொன்னதும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கரையான் அரிக்கக் கூடாதுன்னு அட்டைக்கு மருந்து பூசறோமேடா. இவ்ளோ படிச்சிகினு இதுகூட தெரியலயா?"

தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்த வாசனையில் இருந்ததால், அட்டை என்றாலே அப்படித்தான் மணக்கும் என்று நினைத்திருந்தேன்.

மேடத்திடம் மருந்து எதுவும் பூசாத வடிதாள் கேட்டு வாங்கி வந்தேன். அக்கா துளை குத்தும் கருவியைச் சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீரில் கொதிக்கவைத்து, வடிதாளில் வட்டங்கள் குத்தினாள். நான் கை நீட்டியதும் தட்டிவிட்டாள்.

"தொட்டா விரல ஒடிப்பேன். தூரமா நின்னுகினு பாரு."

வியாழக்கிழமை லேபில் அந்த வட்டங்களைச் சுத்திகரித்து, நனைத்துத் தட்டில் வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். தண்ணீர் வட்டத்தின் விளிம்புவரை பாக்டீரியா மொய்த்திருந்தது. நொச்சியைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம். கிருமி அவ்வளவு செழிப்பாக வளர்ந்ததற்கு ஒருவன் சந்தோஷப்பட்டது அந்த லேபில் அதுதான் முதல்முறையாக இருக்கும்.

அக்காவுக்குப் படம் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"தண்ணி பக்கத்துல ஒண்ணும் ஆவலயே. அப்போ பாஸா?"

"பாஸுக்கா."

"என் வட்டம் சுத்தம்னு மேடத்துக்கிட்ட சொல்லு."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பக்கத்தில் நின்றிருந்த மேடம் குனிந்து, "கேட்டுச்சுமா," என்றார்.