பின் கயிறு

“பைக்தான் மொதல்ல ஏறணும்.”

“பாத்திரமெல்லாம் இன்னும் வாசல்லயே கெடக்குதுங்க...”

“பாத்திரம் நசுங்குனா வேற வாங்கிக்கலாம். இது மேல ஒரு கீறல் விழக் கூடாது.”

போன வைகாசியில், செவிலிமேட்டு வீட்டைக் காலி செய்த காலையில் எனக்கும் என் கணவர் ராஜவேலுவுக்கும் நடந்த பேச்சு இது. ஒரு வார்த்தைகூட நான் மாற்றவில்லை. இனி எழுதப்போவதிலும் மாற்றவில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் அந்த லாரிக்குள் நின்றேன்.

நான் நதியா, அவருடைய இரண்டாவது மனைவி. முதல் மனைவி அம்சா காய்ச்சலில் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. பைக் அம்சா இருந்தபோது வாங்கியது. அதன் பின்சீட்டில் உட்காரும்போதெல்லாம் இன்னொருத்தி இடத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ‘இதை வித்துடுங்க’ என்று கேட்க ஆசை. கல்யாணமான நாளிலிருந்து வாய் வரை வந்து நிற்கிறது. அவரிடம் ஒன்றைக் கேட்டுவிடுவது அவ்வளவு சுலபமில்லை. ஓசூரில் வேலை கிடைத்ததும், பைக்கை இங்கேயே விட்டுவிடுவார் என்று நம்பினேன். ஆனால் பைக்குக்காகவே மூடிய லாரி வாடகைக்கு வந்து நின்றது.

எங்கள் பக்கத்தில் சுமங்கலியாக இறந்தவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். அவள் புடவை ஒன்று பெட்டியில் இருக்கும். வீடு மாறும்போது கற்பூரம் ஏற்றி அவளையும் கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன்.

“அக்கா, இந்த வீட்ட வுட்டுப் போறோம். நீயும் எங்க கூட வந்துடு.”

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவதுதான் முறை. அவரோ பெட்டியைத் திறந்தார். அம்சாவின் மாம்பழ நிறப் பட்டுப் புடவையை உருவி, பைக் சீட்டின் மேல் மடித்துப் போட்டார்.

“கயிறு உரசுனாலும் கோடு விழாது.”

டிரைவர் ஜாஹிர் பாய் நான்கு மூலையிலும் கயிறு இழுத்துக் கட்டினார்.

“ஸ்டாண்ட் போடக் கூடாது சார். ஸ்பிரிங் பாதி அமுங்குற வரைக்கும் இழுத்துக் கட்டிட்டா மலை ஏறுனாலும் ஆடாது.”

கயிற்றைச் சுண்டினார். ‘டங்’ என்றது.

வாலாஜா தாண்டி டீக்கடையில் நிறுத்தி, பாய் பின்கதவைத் திறந்தார். முன் கயிறுகள் விறைப்பாக இருந்தன. பின் கயிறுகள் இரண்டும் தொங்கின. மடக்கி வைத்த பின்சீட்டுக் கால்மிதி விரிந்திருந்தது.

“ரோடு சரியில்ல. லூஸாயிருக்கும்” என்றார் என் கணவர்.

“முடிச்சு அப்படியே இருக்குது சார். ஸ்பிரிங்தான் இன்னும் எறங்கியிருக்குது. பின்னாடி ஒரு ஆளு குந்துனாதான் இப்படி ஆவும்.”

“ஏன்பா, வாடகை வண்டிக்கா, கதைக்கா?”

பாய் சிரிக்கவில்லை. கால்மிதியை மடக்கினார். மறுபடி இழுத்துக் கட்டினார்.

ஆம்பூர் தாண்டிச் சாப்பிட நிறுத்தியபோது மணி ஒன்று பத்து. சுட்டெரிக்கும் வெயில். அவர்கள் கை கழுவப் போனார்கள். சாப்பாட்டு கேரியரை எடுக்க நான் லாரிக்குள் ஏறினேன்.

உள்ளே இருட்டு. பெட்ரோல் வாடை.

கால்மிதி மறுபடி விரிந்திருந்தது. பின் கயிறுகள் தொங்கின.

புடவையைத் தொட்டேன். ஈரம்... காய்ச்சல்காரர் போர்வை போல வேர்வை ஈரம்.

கிரீச்...

என் கண்ணெதிரே சீட் மேலே எழும்பியது.

டங். டங். இரண்டு கயிறும் விறைத்தன.

யாரோ இறங்கிவிட்டார்கள்.

என் தோளில் ஒரு தலை சாய்ந்தது. கொதித்தது.



எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் பால் காய்ச்ச அவருடைய அக்கா இந்திராணி ஓசூருக்கு வந்தார். அடுப்படியில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

“அம்சா காய்ச்சல்ல செத்தான்னு மட்டும்தான சொன்னான் ஒனக்கு? இந்த பைக்லதான்மா ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனான். அவளால நிமிந்து குந்த முடியல. விழாம இருக்க இந்தப் பட்டாலதான் தன் இடுப்போட சேத்துக் கட்டுனான். அங்க போயி முடிச்ச அவுத்தா... எப்ப உசுரு போச்சுன்னே தெரியல. பொணத்தக் கட்டிக்கினு ஓட்டியிருக்கான்.”

பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அடுப்பை அணைக்கவில்லை.

“கெளம்புறப்ப என் கையப் புடிச்சுக்கினு ஒண்ணு சொன்னா. அவன்கிட்ட கேக்க அவளுக்குப் பயம். ‘நீ கேளுக்கா’ன்னா. எனக்கும் பயம். நான் கேக்கல.”

“என்ன சொன்னாங்க?”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சாயங்காலம் வாசலில் என் கணவர் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கீறல்கூட இல்லை.

“ஏறு. காய் வாங்கிக்கினு வந்துடலாம்.”

கால்மிதி விரிந்திருந்தது.

வித்துடுங்க என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. குரலும் என் குரலில்லை. எனக்குப் பின்னால் அக்காவின் கையிலிருந்த தம்ளர் விழுந்து உருண்டது. என் கணவர் கையில் துணி அப்படியே நின்றது. அம்சா அன்று வாசலில் கேட்கச் சொன்னது எழுத்துக்கு எழுத்து அதேதான் என்று அக்கா பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

“என்னால குந்த முடியலங்க... ஒரு ஆட்டோ கூப்புடுங்க.”